பலிபீடம் முதலில், மணிக்கூண்டு கடைசியில்

வணக்கம். உட்கார்ந்ததும் முதலில் இந்தப் படத்தைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்தது. ஒரு கிறிஸ்தவக் கோயில், கூரை இல்லை, சுவரும் மணிக்கூண்டும் நிற்கின்றன. அதன் ஒரு முனை பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்பதுபோலத் தெரிகிறதே, அது பள்ளத்தாக்கு இல்லை. கடல். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் மாவட்டத்தில் உள்ள டன்விச் என்ற ஊர். அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது 'டனிச்'.

அடுத்த படம் அதே இடம், சில ஆண்டுகள் கழித்து. கோயில் குட்டையாகிவிட்டது. அடுத்ததில் இன்னும் குட்டை. கடைசியில் மணிக்கூண்டு மட்டும். 1904இல் சரியத் தொடங்கிய கட்டடம் 1919இல் முடிந்துபோனது. பதினைந்து ஆண்டுகள். ஒரு இடைக்காலக் கோயில் கடலுக்குள் போவதை, கேமரா வைத்திருந்தவர்கள் அவ்வப்போது வந்து எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்துக் கோயில்களில் பலிபீடம் கிழக்கே இருக்கும், மணிக்கூண்டு பெரும்பாலும் மேற்கே. டன்விச்சில் கடலும் கிழக்கே. ஆகவே பலிபீடம் இருந்த பகுதி முதலில் விழுந்தது, மணிக்கூண்டு கடைசியில். வழிபாட்டுக்கு வகுத்த திசையே விழும் வரிசையையும் தீர்மானித்துவிட்டது!

இது ஆல் செயின்ட்ஸ், அதாவது சகல புனிதர்கள் கோயில். ஒரு பங்குக் கோயில். 'பங்கு' என்றால் என்ன என்பது நம் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பிள்ளைக்கு ஞானஸ்நானம், கல்யாணம், கடைசியில் அடக்கம், மூன்றும் அங்கேதான். டன்விச் ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். 1086இல் இங்கிலாந்து அரசர் எடுத்த நிலக்கணக்கான டூம்ஸ்டே கணக்கிலேயே அங்கே மூன்று கோயில்கள் உண்டு. அப்புறம் இன்னும் பல வந்தன. செயின்ட் ஜான், செயின்ட் நிக்கோலஸ், செயின்ட் பீட்டர் என்று. 1286, 1287 புயல்கள் ஊரைக் கடித்தன. 1328 புயல் துறைமுக வாயையே அடைத்தது. கப்பல் வராத துறைமுகத்தில் யார் இருப்பார்? (ஊர் தேய்ந்த பிறகும் 1832 வரை அங்கிருந்து இரண்டு எம்.பி.க்கள் நாடாளுமன்றம் போனார்கள். அது வேறு கூத்து.)

ஆல் செயின்ட்ஸில் 1750களில் வழக்கமான ஆராதனை நின்றது. கடல் வந்து நிறுத்தவில்லை. பழுது பார்க்கப் பங்கு மக்களிடம் காசில்லை. கல்லறைத் தோட்டத்தில் மட்டும் அதன் பிறகும் புதைத்துக்கொண்டிருந்தார்கள். கரை அரித்தபோது எலும்புகள் மணற்சரிவிலிருந்து நீட்டிக்கொண்டு தெரிந்தன.

சரி, கோயில் கடலில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு தொல்லியலுக்கு என்ன வேலை? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. டன்விச் கரை முழுக்க மணலும் சரளையும்தான். இயற்கையான பாறை கிடையாது. கோயிலோ சக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டியது. ஆகவே அங்கே கடல் தரையில் சாந்து ஒட்டிய ஒரு கட்டி கிடைத்தால், அது மனிதன் கொண்டுவந்து வைத்தது. வாதத்துக்கே இடமில்லை. இன்னொன்று: சரிவிலிருந்து விழும் கனத்த கட்டி அலையோடு ஊர்ந்து போவதில்லை. மணல் நகரும், கரை நகரும், கட்டி ஏறக்குறைய விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

1970களில் ஸ்டூவர்ட் பேகன் என்பவர் முக்குளித்துத் தேடினார். வட கடலின் அந்தப் பகுதித் தண்ணீர் கலங்கிய தேநீர் மாதிரி. கண்ணை நம்பி அங்கே அதிகம் பார்க்க முடியாது. ஆனாலும் ஆல் செயின்ட்ஸின் கட்டுமானத் துண்டுகளைக் கண்டுபிடித்தார்.

2008 முதல் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் சியர் வேறு வழியில் இறங்கினார். படகிலிருந்து சோனார், அதாவது ஒலி அனுப்பி எதிரொலியால் தரையை அளப்பது, பிறகு நீருக்கடியில் ஒலியால் படம் எடுக்கும் கருவி. கலங்கல் ஒளியைத்தான் மறிக்கும், ஒலியை அவ்வளவாக மறிக்காது. கையில் இன்னொரு சாட்சியும் இருந்தது: 1587இல் ரால்ஃப் ஏகஸ் வரைந்த ஊர்ப்படம். கடல் எடுத்தது போக அன்று மிச்சமிருந்த தெருக்களையும் கோயில்களையும் அவர் அளந்து வைத்திருந்தார். அந்தப் படத்தை இன்றைய கடல் வரைபடத்தின் மேல் கணினியில் விரித்துப் பார்த்தார்கள். செயின்ட் பீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கற்குவியல். ஆல் செயின்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்திலும் அப்படியே. நானூறு ஆண்டுக்கு முந்தைய காகிதமும் கடல் தரையும் ஒன்றையொன்று ஆமோதித்தன. இன்னும் முன்னதாக விழுந்தவை கிழக்கே தள்ளி மணல் மேட்டுக்கு அடியில் புதைந்திருக்கின்றன. அங்கே ஒலியும் தடுமாறுகிறது.

புயல் நாட்களில் கடலுக்கடியிலிருந்து கோயில் மணி கேட்கும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. கேட்க இனிமைதான். ஆனால் யோசியுங்கள். கோயிலை மூடியவர்கள், விலைபோகும் வெண்கலத்தைக் கடலுக்கு விட்டுவைத்திருப்பார்களா? எனக்கு மணிக்கதையைவிட அந்தச் சாந்துக்கட்டி போதும்.

நீங்கள் யாராவது அங்கே போனால் முக்குளிக்க வேண்டாம். 1832இல் கட்டிய செயின்ட் ஜேம்ஸ் கோயில் வளாகத்துக்குப் போங்கள். ஆல் செயின்ட்ஸ் மணிக்கூண்டின் முட்டுச்சுவர் ஒன்றை, விழுவதற்கு முன் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். எதையும் தாங்காமல் புல்லின் மேல் தனியாக நிற்கும். கிட்டப் போய்க் கையை வையுங்கள். அதன் ஜோடிக் கற்கள் அலைக்கு அடியில் கிடக்கின்றன.