வாசிகசாலைக்கு ஒரு நுணுக்குக்காட்டி

(எங்கட ஊர் வாசிகசாலை ஆண்டுவிழாவில கதைச்சது. கதைச்ச மாதிரியே எழுதியிருக்கிறன், திருத்தேல்லை.)

தலைமை தாங்கிற வாசிகசாலைத் தலைவர் அவர்களே, விளக்கேத்தி வைச்ச கோயில் ஐயா அவர்களே, பிரதம விருந்தினரா வந்திருக்கிற அதிபர் அவர்களே, கிராம சேவையாளர் ஜீஎஸ் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அக்கா, கனடாவில இருந்து வந்து முன்வரிசையில வேர்த்து ஒழுகிக்கொண்டிருக்கிற எங்கட ஊர்ப் பெரியவர் அவர்களே (தம்பி, அந்த ஃபானை அவற்ற பக்கம் திருப்பி விடப்பன்), மற்றும் பேர் விட்டுப்போன எல்லாரும் கோவிக்காதேங்கோ, போன வருசம் ஒராளின்ர பேரை விட்டிட்டு ஆறு மாசம் அவர் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

எனக்குத் தந்த தலைப்பு கலமும் நுணுக்குக்காட்டியும், அதாவது செல்லும் மைக்ரோஸ்கோப்பும். மூண்டு விசயம் சொல்லப்போறன். ஒண்டு, கலத்துக்குள்ள என்ன கிடக்கு. ரெண்டு, நுணுக்குக்காட்டி வந்து உயிரியலை என்ன பாடு படுத்திச்சுது. மூண்டு, நீர்வேலி வாழையை ஒரு சின்ன இழையத் துண்டில இருந்து போத்தலுக்குள்ள வளர்க்கலாம் எண்ட கதை. இருவது நிமிசம் தந்திருக்கினம், பாப்பம்.

என்ர அம்மம்மா நான் புத்தகமும் கையுமா இருக்கிறதைக் கண்டால் ஒண்டு சொல்லுவா, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது எண்டு. அப்ப எனக்குக் கோவம் வரும். பிறகு 92ஆம் ஆண்டு ஒரு நாள் விளங்கிச்சுது.

கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை, ஜாம் போத்தல் விளக்கில படிச்ச காலம். நான் படிச்ச பள்ளிக்கூடத்தில ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது, இருந்தது எண்டால் அலுமாரிக்குள்ள, அலுமாரிக்குப் பூட்டு, திறப்பு ஆரிட்ட எண்டு கேட்டால் ஒராள் மற்றாளைக் காட்டுவார், கடைசியில உடைஞ்சா ஆர் பொறுப்பு எண்டு முடியும். எங்கட டியூசன் கொட்டிலுக்கு வாற சயன்ஸ் மாஸ்டர் பாத்தார், எங்கயோ ஒரு பழைய பித்தளை நுணுக்குக்காட்டியைத் தேடிப்பிடிச்சு, சாரத்தால சுத்தி, சைக்கிள் கரியர்ல கட்டிக்கொண்டு வந்திட்டார். கீழ கண்ணாடி வைச்சது, வானத்து வெளிச்சம் காணும், கரண்டே தேவையில்லை. (சூரியனை நேர பிடிக்கப்படாது, கண் போயிடும்.) வெங்காயத் தோலை உரிச்சு கண்ணாடித் துண்டில வைச்சு மூடுற வேலை எனக்குத் தான். நான் கவர் கிளாசைச் சரிச்சு மெதுவா இறக்காமல் பொத்தெண்டு போட்டிட்டன். வரிசையா இருபத்தி மூண்டு பேரும் ஒத்தைக் கண்ணை மூடிப் பாத்து, ஆ எண்டு சொல்லி, கொப்பியில கீறினம். எல்லாற்ற கொப்பியிலயும் ஒரே வட்டம், சுத்திவரத் தடிச்ச கறுப்புக் கோடு. உள்ளுக்குக் கரு, இழைமணி, புன்வெற்றிடம் எண்டு கலத்தின்ர பாகமெல்லாம் அம்புக்குறி போட்டு வடிவாக் குறிச்சிருக்கு. ஒருத்தன், கலத்துக்குள்ள இருக்கிற கொல்கிச் சிக்கல் எண்ட வலையையும் கீறியிருக்கிறான்.

மாஸ்டர் கொப்பியளைப் பாத்தார். பிறகு குனிஞ்சு நுணுக்குக்காட்டிக்குள்ள கனநேரம் பாத்தார். நிமிந்து கேட்டார், "பிள்ளையள், நீங்கள் கீறினது காத்துக்குமிழி. காத்துக்குள்ள கரு எப்பிடியடா வந்தது?"

அண்டைக்குத் தான் ஏட்டுச் சுரைக்காய் எண்டால் என்னெண்டு எனக்கு விளங்கினது. பாடமாக்கினதைக் கண்டனாங்கள், கண்டதைக் கீறேல்லை. அந்தக் கொல்கி கீறினவர் இண்டைக்கு டொக்டர், பேர் சொல்லமாட்டன், என்ர பிரசருக்கு மருந்து எழுதுறவர் அவர் தான்.

சரி, கலத்துக்கு வாறன். எங்கட சின்ன வெங்காயத்தின்ர சிவந்த தோலை எடுங்கோ, சாயமே போடத் தேவையில்லை. செங்கல் அடுக்கின மாதிரிக் கலங்கள், ஒவ்வொண்டுக்குள்ளயும் ஊதாத் தண்ணி, அந்த நிறம் நிக்கிறது புன்வெற்றிடம் எண்ட தண்ணிப் பைக்குள்ள. கலச்சுவரை மதில் மாதிரி எண்டு படிப்பிக்கினம், எனக்கு அது பிடிக்கிறேல்லை, மதில் ஆளை மறிக்கும், கலச்சுவர் தண்ணியையும் உப்பையும் பேசாமல் விட்டிடும். ஆர் வரலாம் ஆர் போகலாம் எண்டு பாக்கிறது அதுக்கு உள்பக்கம் இருக்கிற மென்சவ்வு. நம்பாட்டி ஓரத்தில ஒரு துளி உப்புத்தண்ணி விட்டுப் பாருங்கோ. உள்ளுக்கு இருக்கிற தண்ணி வெளியேற, சுவர் நிண்ட இடத்திலயே நிக்க, ஊதா நிறம் மட்டும் சுருங்கிச் சுருங்கி மூலைக்குப் போகும். நல்ல தண்ணி விட்டால் திரும்பி ஊதும். அதைக் கண்ணால கண்ட பிள்ளைக்குப் பிரசாரணம் எண்ட சொல்லைப் பாடமாக்கச் சொல்லத் தேவையில்லை.

வரலாறைக் கெதியாச் சொல்லுறன். 1665இல இங்கிலாந்தில ரொபேட் ஹூக் தக்கையைச் சீவிப் பாத்து அறையறையா இருக்கு எண்டு செல் எண்டு பேர் வைச்சார், அவர் கண்டது ஆளில்லாத வெறுஞ்சுவர். உயிரோட துள்ளுறதைக் கண்டது ஒல்லாந்தில ஒரு புடவைக்கடை முதலாளி, லீவன்ஹூக், நூலின்ர தரம் பாக்கிற வில்லையில, அதாவது லென்சில, தொடங்கின மனிசன். அவற்ற ஊர் டெல்வ்ற். ஓம், எங்கட நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைச்ச அதே டெல்வ்ற் தான். 1676இல அவர் தண்ணிக்குள்ள சின்னப் பிராணியள் நெளியுது எண்டு லண்டனுக்குக் கடிதம் எழுதேக்க அவற்ற நாட்டு ஆக்கள் எங்கட யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள இருந்தவை. 1680இல பியரை வைச்சுப் பாத்து மதுவத்தின்ர, அதாவது ஈஸ்டின்ர, உருண்டையளையும் கண்டார். எங்கட பனங்கள்ளில ஒரு துளி விட்டாலும் அது தெரியும், தாய்க்கலத்தில இருந்து குட்டி அரும்புறது வடிவாத் தெரியும். ஏன் அங்கால சிரிக்கிறியள், நான் துளி எண்டு தானே சொன்னனான்.

ஆனா ஒண்டு. லீவன்ஹூக் தன்ர நல்ல வில்லை செய்யிற வித்தையை ஒருத்தருக்கும் சொல்லிக்குடுக்கேல்லை. பூட்டி வைச்சிட்டார். அவர் கண்ட அளவுக்கு மற்றவை காணக் கனகாலம் பிடிச்சது. கரு எண்டு பிறவுன் பேர் வைக்க 1831, தாவரம் விலங்கு எல்லாம் கலத்தால ஆனது எண்டு ஷ்லைடனும் ஷ்வானும் சொல்ல 1838, 39.

கொல்கிச் சிக்கலுக்குப் பேர் குடுத்த இத்தாலிக்காரர் கொல்கியின்ர கதை இன்னும் பம்பல். 1898இல ஆந்தையின்ர நரம்புக் கலத்தில வெள்ளிச் சாயம் போட்டு உள்ளுக்கு ஒரு வலை கண்டார். அரை நூற்றாண்டா கனபேர் சொன்னது, அது சாயம் செய்த வேலை, அப்பிடி ஒண்டு இல்லை எண்டு. அவருக்கும் காத்துக்குமிழி எண்டு தான் சொன்னவை போல. வெளிச்சத்தால 200 நானோமீற்றருக்குக் கீழ பிரிச்சுக் காட்ட ஏலாது. 1931இல ரஸ்காவும் நொல்லும் பெர்லின்ல வெளிச்சத்துக்குப் பதிலா இலத்திரனால பாக்கிற இலத்திரன் நுணுக்குக்காட்டியைத் தொடங்கி வைக்க, 50களில கொல்கி சொன்னது உண்மை எண்டு தெரிஞ்சுது. கலத்துக்குள்ள புரதம் செய்யிற இறைபோசோமும் அப்ப தான் வெளியில வந்தது, அது முப்பது நானோமீற்றருக்குள்ள. ஆகவே எங்கட டொக்டர் 92இல வெள்ளிச் சாயமும் இல்லாமல் அந்தப் பித்தளையில கொல்கிச் சிக்கலைக் கண்டிருக்கவே ஏலாது.

இனி நான் வந்த விசயம். மானிப்பாயில அமெரிக்க மிசன் கிறீன் வைத்தியர் 1860களிலயே தமிழில வைத்தியம் படிப்பிச்சவர். சொல்லுக்கு எங்களுக்குக் குறைவில்லை, இழைமணி, குழியவுரு, பச்சையவுருமணி, கேக்கவே வடிவா இருக்கு. பாக்கிறதுக்குச் சாமான் தான் இல்லை. ஏட்டில சுரைக்காய் நல்லாக் காய்க்குது, முத்தத்தில கொடி இல்லை. கனடாப் பெரியவர் வாசலில வளைவு கட்டக் காசு தாறன் எண்டு சொன்னதாக் கேள்விப்பட்டன், நல்ல மனசு, கையெடுத்துக் கும்பிடுறன், ஆனா ஐயா, வளைவுக்குக் கீழால போற பிள்ளை என்னத்தைக் காணப்போகுது? அந்தக் காசில ஒரு நுணுக்குக்காட்டி வேண்டலாம், வளைவும் கொஞ்சம் சின்னனாக் கட்டலாம். திறப்பை என்னட்டத் தாங்கோ, இல்லாட்டி ஆணியில கொழுவுங்கோ. உடைஞ்சா நான் பொறுப்பு.

தலைவர் மணியடிக்கிறார். வாழையைப் பற்றிக் கதைக்க நேரமில்லை, அடுத்த வருசம். பின் விறாந்தையில இரவல் வாங்கின நுணுக்குக்காட்டி ஒண்டு வைச்சிருக்கிறன், வெங்காயமும் உப்புத்தண்ணியும் கிடக்கு, சின்னப் பிள்ளையள் முதல். கண்ணாடி வைச்சது, அஞ்சரைக்கு மேல வெளிச்சம் காணாது, நடன நிகழ்ச்சி தொடங்கமுன்னம் ஓடி வாங்கோ.