பிள்ளை இப்போது யாரிடம் இருக்கிறது?

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, பங்குனிப் பொங்கல் வைத்த களைப்போடு இன்னும் உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களே, வணக்கம்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் விஞ்சி நிற்பது மகிழ்ச்சியா, கஷ்டமா என்பது தலைப்பு. மகிழ்ச்சியே என்பது எங்கள் அணி. அதற்கு ஏழெட்டுக் காரணங்களைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தேன். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். எதிரணியில் முதலில் பேசிய தம்பி ஒன்று சொன்னாரே, அதற்குப் பதில் சொல்லாமல் எனக்கு வேறு பேச்சு வராது.

என்ன சொன்னார்? "மகிழ்ச்சி அணியில மூணு பேரும் சிரிச்ச முகமா உட்கார்ந்திருக்காங்க. ஏன் தெரியுமா? மூணு பேரும் பிள்ளைய வேற யார் தலையிலயோ கட்டிட்டு வந்திருக்காங்க. அந்தக் கடைசி அக்காகிட்டக் கேளுங்க நடுவரே, அவங்க பிள்ளை இப்போ யார்கிட்ட இருக்கு?" அந்தக் கடைசி அக்கா நான்தான். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். பின்வரிசையில் ஒருவர் விசில்கூட அடித்தார்.

விசில் சத்தம் கேட்டதும் எனக்கு ஒரு நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் அந்த நாளில்தான் இருக்கிறது. நடுவர் அய்யா கொஞ்சம் பொறுத்து மணி அடிக்க வேண்டும். ஏழு விசில் வரைக்கும் எனக்கு நேரம் வேண்டும்.

போன ஆடி மாதம். என் வீட்டுக்காரர் மில்லில் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். பெரியவன் பள்ளிக்கூடம் போய்விட்டான். என் அத்தை சாத்தூரில் ஒரு துஷ்டி வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் சின்னவளும் மட்டும்தான். அவளுக்கு ரெண்டரை வயது. அடுப்பில் குக்கரில் பருப்பு வைத்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. கோவில்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர்களுக்குத் தெரியும், குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அப்புறம் வேறு எதுவும் காதில் விழாது. ரெண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலிலிருந்து குழாய்க்குப் பத்து எட்டுதான். முதல் குடம் பாதி நிறைவதற்குள் பின்னால் 'டபார்' என்று கதவு சாத்திக்கொண்டது. அப்புறம் 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம். கீழ்த் தாழ்ப்பாள் தரைக்குழியில் இறங்கிய சத்தம் அது.

முதல் விசில் அடித்தது.

கதவைத் தட்டினேன். "பாப்பா, கதவத் திற." உள்ளேயிருந்து ஒரு குரல்: "யாது?" யாரு என்பது அவள் வாயில் யாது. "அம்மா" என்றேன். "எந்த அம்மா?" என்றாள். நடுவரே, யாரென்று கேட்காமல் கதவைத் திறக்கக் கூடாது என்று ஒரு மாதமாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். "உன் அம்மாதான்டி." "எந்த அம்மா?"

இரண்டாவது விசில். பக்கத்து வீட்டு ஆச்சி குடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தார். எழுபது வயது. முட்டி வலி. மூன்று படி ஏற மூன்று நிமிடம் ஆகும் அவருக்கு. அன்றைக்கு எப்படி ஏறினார் என்று தெரியவில்லை. "என் தங்கம், அந்தக் கம்பியப் பிடிச்சு மேல இழு ராசாத்தி." "யாது?" "ஆச்சி." "எந்த ஆச்சி?"

மூன்றாவது விசில். இஸ்திரி வண்டி அண்ணன் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பிள்ளை தாழ்ப்பாளைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுகிறாள், தூக்க வேண்டும் என்று தெரியவில்லை. அண்ணன், "பாப்பா, மேல! மேல!" என்று கத்தினார். அவள் அண்ணாந்து பார்த்தாள். "ஃபேனு" என்றாள். தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் அவள் ஏறி நின்று பாத்திரம் எடுக்கும் முக்காலி கிடக்கிறது. அது மட்டும்தான் என் கண்ணில் நின்றது. கைகால் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

நான்காவது விசில். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட மிட்டாயை முக்குக் கடைக்காரர் பாக்கெட் பிரித்து ஜன்னல் கம்பிக்குள் நீட்டினார். "கதவத் திறந்தா இது பூராவும் உனக்கு." பிள்ளை பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்: "அம்மா குதுத்தாதான் வாங்கனும்." அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

ஐந்தாவது விசில். ஒருவர் கடப்பாரை எடுக்கப் போனார். ஒருவர் தச்சு ஆசாரிக்குப் போன் போட்டார். இதற்கிடையில் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் தம்பி. அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் குடம் நிறையவில்லை. ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆறாவது விசில். நான் அழுவதைப் பார்த்து உள்ளே அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போது ஆச்சி, "எல்லாரும் சத்தங்காட்டாம இருங்க" என்று ஒரு அதட்டல் போட்டார். தெரு அடங்கியது. கதவுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தினமும் சாயங்காலம் பேசும் அதே குரலில் சொன்னார்: "பாப்பா, ஆச்சிக்கு முட்டி வலிக்குடி. நிக்க முடியல. பாய் கொண்டா." தினமும் சாயங்காலம் ஆச்சி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார், இவள்தான் உள்ளே ஓடிப் போய்ப் பாய் எடுத்து வந்து போடுவாள். உள்ளே அழுகை நின்றது. சர்ர்ர்ரென்று கோரைப்பாய் தரையில் இழுபடும் சத்தம். அப்புறம் 'ம்ம்ம்' என்று ஒரு முக்கல். தாழ்ப்பாள் மேலே ஏறியது. கதவு திறந்தது. மூக்கு ஒழுக, தன்னைவிட உயரமான பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "ஆச்சி, உக்காது" என்றாள்.

ஏழாவது விசில் அடிக்கும்போது இஸ்திரி அண்ணன் உள்ளே பாய்ந்து அடுப்பை அணைத்துவிட்டார். பருப்பு தீய்ந்துபோயிருந்தது. மதியம் எங்கள் வீட்டுக்கு ஆறு வீட்டிலிருந்து குழம்பு வந்தது.

இன்றைக்கும் இந்தக் கதை எங்கள் தெருவில் ஆளுக்கொரு விதமாக ஓடுகிறது. இஸ்திரி அண்ணன் சொன்னால், அவர் "மேல, மேல" என்று சொன்னதால்தான் பிள்ளைக்குப் பிடி கிடைத்தது. கடைக்காரர் சொன்னால் பிள்ளை மிட்டாய்க்குத்தான் திறந்தாள். ஆச்சி சொன்னால் விசில் பதினொன்று. என் மகளே இப்போது சொல்கிறாள், "ஆச்சி வெளிய மாத்திக்கிச்சு, நான் திதந்தேன்" என்று! அவள் கணக்கில் மாட்டிக்கொண்டது நாங்கள்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன் தம்பி. என் பிள்ளையை அன்றைக்கு யார் பார்த்துக்கொண்டது? ஒரு தெருவே பார்த்துக்கொண்டது. அதைத் தலையில் கட்டுவது என்று சொல்வீர்களா? அப்படியென்றால் எங்கள் தெருவில் எல்லார் தலையிலும் எல்லார் பிள்ளையும் இருக்கிறது. ஆச்சியின் பேரன் பரீட்சைக்குப் படிப்பது எங்கள் வீட்டு முன்னறையில். இஸ்திரி அண்ணன் மகளுக்குச் சடங்குப் பாவாடை தைத்துக் கொடுத்தது என் மெஷின்.

நீங்கள் அடுக்கிய கஷ்டங்களில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஒன்றரை மாதம், ரெண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று வரிசையாகப் பெண்டா தடுப்பூசி. போட்ட அன்று ராத்திரி காய்ச்சல், விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். நானும் நடந்திருக்கிறேன். ஆனால் ரெண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் எழுந்து, "நீ படு, நான் நடக்கேன்" என்று வாங்கிக்கொண்ட ராத்திரியும், அவர் நைட் ஷிப்டுக்குப் போன ராத்திரியும் ஒன்றில்லை. பிள்ளை அதே பிள்ளை, காய்ச்சல் அதே காய்ச்சல். தனியாக நடந்த ராத்திரிதான் முடியவே இல்லை. நான் சொல்ல வந்தது இதுதான். கஷ்டம் பிள்ளையோடு வருவதில்லை, பக்கத்தில் ஆள் இல்லாததால் வருகிறது.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தி, முதல் ரெண்டு பிள்ளைக்கு 12 வாரச் சம்பள விடுப்பை 26 வாரமாக்கினார்கள். 50 பேர் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் வீட்டில் தையல் மெஷின் மிதிக்கும் எனக்கு 26 நாள்கூடக் கிடையாது. அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். மில்லில் இருப்பவருக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. அடுத்ததாக, 2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம். என் பெரியவன் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. காலைச் சாப்பாட்டை அவன் அங்கேயே சாப்பிடுகிறான். காலையில் நான் தட்டோடு அவன் பின்னால் ஓடிய ஓட்டம் நின்றுவிட்டது. அந்த அரை மணி நேரம் நானும் அவனும் பேசிக்கொண்டே ஷூ மாட்டுகிறோம். இன்னொரு கை சேர்ந்ததும் அதே காலை வேளை எப்படி மாறிவிட்டது பாருங்கள்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வரவில்லை. அம்மா தீப்பெட்டி ஒட்டியவர். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். என் தம்பி பிறந்த நாற்பதாம் நாள் மறுபடியும் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டார். உத்தரத்தில் சேலைத் தொட்டில், தொட்டிலிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனி அம்மாவின் கால் பெருவிரலில். கை ஒட்டும், கால் ஆட்டும். எனக்கு அப்போது ஐந்து வயது. பால்வாடி டீச்சர்தான் எங்களுக்குத் தலை வாரிவிடுவார். அம்மா கண் அசந்தால் எதிர்வீட்டு அக்கா சத்தமில்லாமல் வந்து கயிற்றைக் கழற்றித் தன் காலில் மாட்டிக்கொள்வார். அந்த அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. அந்த அக்கா இன்னும் எனக்குப் போன் செய்து, "பிள்ளைங்க சாப்பிட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்கிறார். நான் சாப்பிட்டேனா என்று அதற்கப்புறம்தான் கேட்பார்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அக்கா, உங்களைப் பார்த்துப் பேச எனக்கு இவ்வளவு நேரம் ஆனது. சென்னையில் பதினோராவது மாடி, நாலு மாதக் குழந்தை, ராத்திரி வேலைக்குப் போகும் வீட்டுக்காரர். குழந்தைக்குக் கேட்கக் கூடாது என்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் என்று சொன்னீர்கள். சிரிப்பாகவே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். கூட்டமும் சிரித்தது. எனக்கு அடி வயிற்றில் என்னவோ செய்தது அக்கா. பிரசவத்துக்கு அப்புறம் வரும் அந்த மனச்சோர்வு ஒரு நோய். டாக்டரும் வேண்டும், பக்கத்தில் ஆளும் வேண்டும், குணமாகிவிடும். உங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. "ஊர்ல எவளும் பெத்துக்கலையா?" என்றுதான் கேட்டிருப்பார்கள். இதற்கு நான் மறுப்பு எதுவும் வைத்திருக்கவில்லை. மதிப்பெண் குறைந்தாலும் சரி நடுவரே, அக்கா சொன்னது முழுக்க உண்மை.

அக்கா, உங்கள் பிள்ளைக்கு இப்போது மூன்று வயது என்றீர்கள். விழா முடிகிறவரை இங்கேதான் இருப்பீர்கள் இல்லையா? நாளைக்குக் காலையில் எங்கள் தெருவுக்கு வாருங்கள். இஸ்திரி வண்டி நிற்கும் முக்கு. ஆச்சி திண்ணையில் இருப்பார். பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு எங்கள் வீட்டில் ஒரு தூக்கம் போடுங்கள். மெஷினை நிறுத்தி வைக்கிறேன். எழுப்ப மாட்டேன்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. சரி, முடிக்கிறேன்.

தம்பி, என் பிள்ளை யாரிடம் இருக்கிறது என்று கேட்டீர்கள். மேடை ஏறும்போது முதல் வரிசையில் அத்தை மடியில் விட்டுவிட்டு வந்தேன். கடலைமிட்டாய்க் கதை சொல்லும்போது பார்த்தேன், அங்கே இல்லை. இப்போதுதான் கண்ணில் பட்டாள். மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டிய அம்மாவின் தோளில் தூங்குகிறாள். அவர் முதுகைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா, நீங்கள் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. இன்னும் ரெண்டு நிமிடம் வைத்திருங்கள். இதோ, இறங்கி வருகிறேன்.