புழு தின்றால்தான் சாகும்

நேயர்களுக்கு வணக்கம்.

கொசுப்புழு உள்ள தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு, வெளிச்சத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். புழு நெளிந்து நெளிந்து அடியில் போகும். மூச்சு விட மேலே வந்து, தலைகீழாகத் தொங்கும். தலையை உற்றுப் பார்த்தால், வாயருகே இரண்டு சிறு தூரிகைகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பது தெரியும். பாசித் துணுக்கு, பாக்டீரியா, எது வந்தாலும் அவை வாய்க்குள் தள்ளிவிடும். கொசுப்புழுவைக் கொல்ல நாம் தண்ணீரில் போடும் பாக்டீரியா மருந்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு; அது வேலை செய்வதும் செய்யாததும் அந்தத் தூரிகைகளைப் பொறுத்தது.

1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்துக் கிடந்த ஒரு குட்டையிலிருந்து யோயெல் மார்கலித், லியனார்டு கோல்ட்பெர்க் என்ற இருவர் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். நாக்கு சுளுக்கும் பெயர், பி.டி.ஐ. என்றே சொல்வோம். இது வித்தாக, அதாவது உறங்கும் நிலைக்கு, மாறும்போது கூடவே ஒரு புரதப் படிகத்தையும் உருவாக்குகிறது. அந்தப் படிகம் அப்படியே இருந்தால் நஞ்சில்லை. கொசுப்புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். அங்கே போனதும் படிகம் கரைகிறது, குடல் நொதிகள் அதை நறுக்குகின்றன, நறுக்கிய துண்டு குடற்சுவரில் ஒட்டித் துளை போடுகிறது. புழு தின்பதை நிறுத்திவிடும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் செத்துவிடும். நம் இரைப்பையில் இருப்பது அமிலம். படிகம் ஒட்டுவதற்கு ஏற்ற இடமும் நம் குடலில் இல்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், குடிநீர்ப் பாத்திரங்களுக்குக்கூட இதன் சில வகைகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எதையும் பாதிக்காது என்று மட்டும் சொல்லிவிட முடியாது: கொசுவுக்கு நெருங்கிய உறவான சில சிறு ஈக்களின் புழுக்களும் இதில் சாகும்.

மறுபடியும் சொல்கிறேன்: புழு தின்ன வேண்டும். தொட்டால் சாகும் மருந்து இல்லை இது. மருந்து போட்டும் கொசு குறையவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

முதலாவது, கூட்டுப்புழு. காற்புள்ளி போல வளைந்து, தலை பருத்துத் துள்ளுமே, அதுதான். அதற்கு வாய் வேலை செய்யாது, எதையும் தின்னாது. கூட்டுப்புழுவாகும் தறுவாயில் உள்ள பெரிய புழுவும் தின்பதை நிறுத்தியிருக்கும். இரண்டும் தப்பித்து, இரண்டு மூன்று நாளில் கொசுவாகப் பறக்கும். அதைப் பார்த்து, மருந்து போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மருந்து போடுமுன் ஒரு கரண்டித் தண்ணீரில் எத்தனை புழு என்று எண்ணுங்கள், 24 மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி எண்ணுங்கள். கூட்டுப்புழுவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது, தண்ணீர். இலை அழுகிப் பாசி மண்டிய குட்டையில் புழுவுக்கு வேறு தீனி ஏராளம். வயிறு அதில் நிறைந்தால் படிகம் எங்கே உள்ளே போகும்? அங்கே அளவைக் கூட்ட வேண்டும். குளிர்ந்த தண்ணீரிலும் தொல்லைதான், புழு மந்தமாகவே தின்னும். கடும் வெயில் புரதத்தைச் சிதைக்கும்.

மூன்றாவது, மருந்து தங்கும் இடம். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுவின் புழு நீர்ப்பரப்போடு படுத்து, மேலே மிதப்பதைத் தின்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு பாத்திரத்தின் சுவரையும் அடியையும் சுரண்டித் தின்கிறது. அனாபிலிஸுக்கு மிதக்கும் குருணைதான் சரி. அடியில் படிந்தது அதன் வாய்க்கு எட்டாது. (இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், பையின் மேல் படித்துப் பாருங்கள்.)

அளவு? குடிநீர்ப் பாத்திரத்துக்கு ஏற்கப்பட்ட, தண்ணீரில் கரையும் குருணை என்றால் லிட்டருக்கு 1 முதல் 5 மில்லிகிராம். 200 லிட்டர் பீப்பாய்க்கு ஒரு கிராமே உச்சம். சின்னக் கோப்பைத் தண்ணீரில் கலக்கி, பிறகு பரவலாக ஊற்றுங்கள். வாரம் ஒரு முறை திரும்பப் போட வேண்டும், ஏனென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். மெதுவாகக் கரையும் வில்லைகள் வேறு கணக்கு, அவை ஒரு மாதம்வரை தாங்கும்.

சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசுவுக்கு லைசினிபேசில்லஸ் ஸ்பேரிகஸ் என்ற இன்னொரு பாக்டீரியா உண்டு. அழுக்குத் தண்ணீரில் அது நீடித்து நிற்கும். ஆனால் அதன் படிகத்தில் உள்ள இரண்டு புரதங்களும் சேர்ந்து ஒரே நஞ்சாகத்தான் வேலை செய்கின்றன, அதனால் அதையே போட்டுக்கொண்டிருந்தால் கொசு எதிர்ப்பு பெற்றுவிடும். பி.டி.ஐ.யில் நான்கு முக்கியப் புரதங்கள் இருக்கின்றன. நான்குக்கும் ஒருசேர எதிர்ப்பு வருவது கடினம். இரண்டையும் மாற்றி மாற்றியோ கலந்தோ போடுவது நல்லது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரம் முடிகிறது. ஓல்பாக்கியாவைப் பற்றி ஒரு வார்த்தை: கொசுவின் செல்லுக்குள்ளேயே குடியிருந்து, டெங்கு வைரஸ் பெருகாமல் தடுக்கும் பாக்டீரியா அது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அதை ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை விட்டுப் பார்த்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. டெங்கு 77 விழுக்காடு குறைந்திருந்தது. தண்ணீர் மிகவும் சூடேறினால் சில ஓல்பாக்கியா வகைகள் புழுவின் உடலில் குறைந்துபோகும். அதற்கு என்ன செய்கிறார்கள் என்பதை இன்னொரு நாள் சொல்கிறேன். வணக்கம்.