பூங்காவில் ஒரு வட்டம்: மிதிக்கலாமா, பாடலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாட்களாக என்னை விடவில்லை. நியூ ஜெர்சியில் மகள் வீட்டிற்கு வந்து தங்கியிருக்கும் ஓர் அம்மையார் எழுதியிருக்கிறார். பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடகர் ஜான் லெனனைப் பற்றி நான் முன்பு பேசிய இரண்டு காணொளிகளையும் பார்த்துவிட்டு, மருமகனை அழைத்துக்கொண்டு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் உள்ள ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் நினைவிடத்திற்குப் போயிருக்கிறார். "சிலை இல்லை, சமாதி இல்லை, தரையில் ஒரு வட்டம்தான் இருக்கிறது. அதன்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். இறந்துபோனவரின் பெயரை இப்படிக் காலால் மிதிப்பது தகுமா? இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஆகிவிட்டது" என்று எழுதியிருக்கிறார். கேள்வி பாதி, மனக்குறை பாதி.

அம்மா, முதலில் ஒரு சிறு திருத்தம். அந்த வட்டத்தில் லெனனின் பெயர் இல்லை. பிறந்த தேதியும் இறந்த தேதியும் இல்லை. நடுவில் இருப்பது 'இமாஜின்' என்ற ஒரே ஒரு சொல். 1971-இல் அவர் வெளியிட்ட பாட்டின் தலைப்பு அது. 'கற்பனை செய்து பார்' என்று பொருள். ஆகவே யாரும் அவர் பெயரை மிதிக்கவில்லை. வட்டத்தைப் பரிசாக அளித்தது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். செய்தவர்கள் இத்தாலியக் கைவினைஞர்கள். கறுப்பும் வெள்ளையுமாகச் சிறு கற்களைப் பதித்துச் செய்த மொசைக் வேலை அது. நம் வீடுகளில் மொசைக் தரை என்று சொல்கிறோமே, சிமெண்டில் கல்துண்டுகளைக் கலந்து தேய்த்து வழவழப்பாக்குவது, அது வேறு. இது பழைய கிரேக்க, ரோமானிய வீடுகளில் தரைக்கென்றே செய்யப்பட்ட வேலைப்பாட்டின் மாதிரி. தரையில் கிடப்பதுதான் அதற்கு இயல்பு. ஆனாலும் உங்கள் கால் தயங்கியது எனக்குப் புரிகிறது. வாசலில் கோலம் இருந்தால் அது தரைதானே என்று நாம் மிதித்துவிடுகிறோமா? சுற்றிக்கொண்டுதான் போகிறோம். நீங்களும் அப்படியே சுற்றி நில்லுங்கள்; உட்காருகிறவர்களைக் கோபிக்க வேண்டாம்.

இனிச் சிலைக்கு வருகிறேன். சென்ட்ரல் பார்க் சிலையே வைக்காத பூங்கா அன்று. இசைக்கலைஞர்களுக்கும் அங்கே சிலைகள் உண்டு. பூங்காவின் நடுவே 'மால்' என்று சொல்லப்படும் நீண்ட மரநிழல் பாதையில், இசை மேடைக்கு எதிரே, பீத்தோவனின் மார்பளவுச் சிலை 1884 முதல் நிற்கிறது. லெனன் குடியிருந்த டகோட்டா கட்டடம் கட்டி முடிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். எனவே சிலை வைக்கத் தெரியாமல் வைக்காமல் விட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

நம் பழைய நேயர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் ஒன்று நினைவிருக்கும்: நினைவிடம் வேறு, சமாதி வேறு. சமாதி உடல் இருக்கும் இடம். நினைவிடம் வாழ்க்கை நடந்த இடம். இதற்கு ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. லெனனுக்குக் கல்லறை இல்லை. 1980 டிசம்பர் 8 இரவு, ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து திரும்பியவர் டகோட்டாவின் வாயிலிலேயே சுடப்பட்டு இறந்தார். அவருக்கு 40 வயது. உடலை எரியூட்டினார்கள், இறுதிச் சடங்குக் கூட்டம் எதுவும் வேண்டாம் என்று மனைவி யோகோ ஓனோ முடிவு செய்தார். அதற்கு மாறாக, டிசம்பர் 14 அன்று, யார் எங்கே இருந்தாலும் அங்கிருந்தபடியே பத்து நிமிடம் மௌனமாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். சென்ட்ரல் பார்க்கில் அந்த இசை மேடையைச் சுற்றி ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடி, அத்தனை பேரும் பேசாமல் நின்றார்கள். பல வானொலி நிலையங்களும் அந்தப் பத்து நிமிடம் ஒலிபரப்பை நிறுத்தின. கல்லும் வட்டமும் பின்னால் வந்தவை. அந்தப் பூங்கா அவருக்கு முதலில் எழுப்பிய நினைவுச் சின்னம் அந்த மௌனம்தான் என்பேன்.

இப்போது வட்டம் இருக்கும் பகுதிக்கு நகர மன்றம் 1981-இல் ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் என்று பெயர் சூட்டியது. பரப்பு இரண்டரை ஏக்கர். சீரமைப்புக்கும் பராமரிப்புக்கும் யோகோ ஓனோ பத்து லட்சம் டாலர் அளித்தார். உலக நாடுகள் மரமோ செடியோ கல்லோ அனுப்ப வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். புரூஸ் கெல்லி என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் வகுத்த திட்டப்படி வேலை முடிந்து, லெனன் இருந்திருந்தால் 45 வயது நிறைந்திருக்கும் நாளான 1985 அக்டோபர் 9 அன்று திறந்தார்கள். இதை அமைதித் தோட்டமாக ஏற்றுக்கொண்ட நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பெயர்கள் பொறித்த வெண்கலப் பட்டயம் ஒன்று அங்கே உண்டு. வட்டத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

அவருடைய குடியேற்ற வழக்கைப் பற்றிப் பேசியபோது சொன்னதை இங்கே மறுபடியும் சொல்லத் தோன்றுகிறது. 1972 முதல் அவரை நாட்டை விட்டு அனுப்பிவிட அமெரிக்க அரசு முயன்றது. லண்டனில் 1968-இல் கஞ்சாப் பிசின் வைத்திருந்ததாகப் பெற்ற தண்டனையைக் காரணம் காட்டியது. 1976-இல்தான் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்தது. இந்த நாட்டில் இருக்கலாமா என்று நான்கு ஆண்டுகள் வழக்காடிய மனிதருக்கு, அவர் சன்னலிலிருந்து பார்த்த பூங்காவிலேயே இரண்டரை ஏக்கர் எழுதிவைத்தார்கள். எனக்கு இதில் ஒரு திருப்தி உண்டு.

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஸ்ட்ராபெரிப் பழத்தோட்டம் எதுவும் இருந்ததில்லை. லிவர்பூலில், சிறுவன் லெனன் வளர்ந்த வீட்டுக்கு அருகில், சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய குழந்தைகள் இல்லத்தின் பெயர் ஸ்ட்ராபெரி ஃபீல்ட். ஆண்டுதோறும் கோடையில் அங்கே நடக்கும் தோட்ட விழாவுக்குப் பெரியம்மா மிமி அவரை அழைத்துப் போவார். மற்ற நாட்களில் இவரே நண்பர்களோடு சுவர் ஏறிக் குதித்துவிடுவார். தாய் உயிரோடு இருக்கும்போதே பெரியம்மா வீட்டில் வளர்ந்த பிள்ளை, ஆதரவற்ற பிள்ளைகளின் தோட்டத்தை விளையாடும் இடமாக்கிக்கொண்டது. பின்னாளில் அதைப் பாட்டாக்கினார்; பாட்டு 1967-இல் வெளிவந்தது. பாட்டின் பெயரைப் பூங்காவின் அந்தப் பகுதிக்கு இட்டார்கள்.

அம்மா, மிதிக்கலாமா என்று கேட்டீர்கள். பாடலாமா என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஏனென்றால் அந்த இடம் ஒலி எழுப்பக் கூடாத அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பாட்டுக்காரர் ஒருவருக்கு நினைவிடம் அமைத்து, அங்கே ஒலி எழுப்பாதீர்கள் என்பது முரண்பாடாகத் தோன்றும். ஆனாலும் கித்தாருடன் ஒருவர் உட்கார்ந்து பாடாத பகல் அங்கே அரிது.

நான் போனது ஒரு குளிர்கால வார நாள். பிராட்வேயில் உள்ள 72-ஆம் தெரு நிலையத்தில் இறங்கிவிட்டேன். அது என் தவறு. அங்கிருந்து கிழக்கே இரண்டு நீண்ட தெருக்கட்டுகள் எதிர்காற்றில் நடந்து, டகோட்டாவைத் தாண்டிப் பூங்காவுக்குள் நுழைந்து, கண்ட முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஓர் இளைஞர் பாடிக்கொண்டிருந்தார். சுற்றுலாக் கூட்டம் ஒன்று வரும், அந்த ஒரே பாட்டைக் கேட்கும், அவர் பாடுவார், கூட்டம் படம் எடுத்துக்கொண்டு போகும், அடுத்தது வரும். ஒரு மணி நேரத்தில் 'இமாஜின்' பாட்டை நான்கு முறை கேட்டேன். நான்காம் முறை அவருக்கே சலிப்புத் தட்டியது குரலில் தெரிந்தது. பிறகு விரல்கள் மரத்துப்போனதால் கித்தாரைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். அப்போது வந்த கூட்டத்தை மகிழ்விக்க யாரும் இல்லை. அவர்கள் வட்டத்தைச் சுற்றி நின்றார்கள். தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பாட்டுக் கேட்ட கூட்டங்களைவிட அதிக நேரம் நின்றார்கள்.

அதற்காகப் பாடுவதைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒலிபெருக்கி இல்லாமல், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி விட்டால் போதும். அவருடைய பிறந்த நாளிலும் நினைவு நாளிலும் அந்த இடைவெளி கிடைக்காது. இரவு வரை கூட்டமாகக் கூடிப் பாடுவார்கள், அதுவும் பார்க்க வேண்டியதுதான்.

நீங்கள் மார்ச் வரை மகள் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு முறை போங்கள், ஆனால் வார நாளில், காலை எட்டு மணி வாக்கில் போங்கள். பி அல்லது சி ரயிலில் ஏறினால் 72-ஆம் தெரு நிலையம் பூங்காவின் வாயிலருகிலேயே இருக்கிறது. பி ரயில் சனி, ஞாயிறுகளில் ஓடாது. என்னைப்போல் பிராட்வேயில் இறங்கிவிடாதீர்கள். முழங்கால் வலி இருப்பதாக வேறு எழுதியிருக்கிறீர்கள்.