திமில் இல்லாத காளை... கோட்டைவிட்ட கன்னிங்ஹாம்! வில்லனா, அப்பாவியா?

[திரையில்: கறுப்புக் கல் முத்திரை, குளோசப்]

ஹரப்பாவுல கிடைச்ச சிந்து நாகரிக முத்திரை. 1875-லேயே அதோட படத்தை அச்சுல போட்டு, "இது இந்தியாவைச் சேர்ந்தது இல்ல"ன்னு எழுதிட்டார் ஒருத்தர். யாரு? ஏ.எஸ்.ஐ.யோட, அதாவது இந்தியத் தொல்லியல் துறையோட முதல் தலைமை இயக்குநர், அலெக்சாண்டர் கன்னிங்ஹாம்!

வணக்கம் மக்களே, டெல்லியிலேர்ந்து பேசறேன். ஜன்பத் நேஷனல் மியூசியத்துல ஹரப்பா முத்திரைகளைப் பார்க்கற நம்ம ஆர்.கே.புரம் ஆளுங்க எல்லாரும் கேக்கறது, "இதுகூடவா அவருக்குத் தெரியல?"

பயோடேட்டா சட்டுனு: 1814-ல பிறப்பு, ராணுவ இன்ஜினியர், 1861-லேர்ந்து அரசாங்கத் தொல்லியல் வேலை. போதும், காளைக்கு வருவோம்.

முத்திரையில ஒரு காளை, மேல ஆறு எழுத்து. எழுத்து அவருக்குத் தெரிஞ்ச எந்த இந்திய எழுத்தும் இல்ல. காளைக்குத் திமிலும் இல்ல. அப்போ வெளிநாட்டுச் சரக்குதான்னு முடிவு கட்டிட்டார். சிரிக்காதீங்க! அலங்காநல்லூர் வாடிவாசல்ல திமிலே இல்லாம ஒரு மாடு வந்தா நாம என்ன சொல்வோம்? "யாருப்பா இந்த ஜெர்சியை அவுத்து விட்டது?" மாடுபிடி வீரர் பாவம், எதைத்தான் பிடிப்பார்? கன்னிங்ஹாமும் அதையேதான் கேட்டார், கொஞ்சம் கௌரவமா.

ஒப்பிட்டுப் பார்க்க அவர்கிட்ட இன்னொரு முத்திரை கிடையாது. பழம்பொருளோட வயசைக் கணிக்கற கார்பன் டேட்டிங் வர இன்னும் எழுபது வருஷத்துக்கு மேல இருக்கு. யுவான் சுவாங் பயணக் குறிப்பை வெச்சுக்கிட்டு புத்தர் காலத்து ஊர்களைத் தேடிட்டு இருந்த மனுஷன். நாளந்தாவை அடையாளம் காட்டினது அப்படித்தான். 1924-ல அப்போதைய ஏ.எஸ்.ஐ. தலைமை இயக்குநர் ஜான் மார்ஷல் சிந்து நாகரிகத்தை அறிவிக்கும்போது ஹரப்பா, மொகஞ்சதாரோ ரெண்டுமே தோண்டியாச்சு, ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வழி இருந்துச்சு.

அதுக்காக எல்லாத்தையும் காலத்து மேல போட முடியாது. நம்ம மெஹ்ரௌலி இரும்புத் தூணையே எடுத்துக்கோங்க. 26 அடி தோண்டியும் அடி தெரியலன்னு அறிக்கையில எழுதினார். அப்புறம் அவரோட உதவியாளர் பெக்லர் தோண்டினா, மண்ணுக்குள்ள இருந்தது நாலு அடிகூட இல்ல! கடப்பாரை அந்தக் காலத்துலயும் இருந்துச்சே சார்?

ஆனா எனக்கு உண்மையான கோபம் சாஞ்சி மேலதான். 1851-ல அவரும் ராணுவ அதிகாரி மெய்சியும் ஸ்தூபிகளைத் திறந்து, புத்தரோட சீடர்கள் சாரிபுத்திரர், மொக்கல்லானரோட எலும்பு எச்சங்கள் இருந்த பேழைகளை எடுத்தாங்க. யாரோடது, எவ்வளவு புனிதம்னு தெரிஞ்சேதான். இங்கிலாந்து போன அந்த எச்சங்கள் 1952-லதான் சாஞ்சியில மறுபடி வைக்கப்பட்டுச்சு. இதுக்கும் "அந்தக் காலம் அப்படி"ன்னு சொல்றவங்க கமெண்ட்ல வாங்க, பேசுவோம்!