ஸ்டிங் கட்டிய வேஷங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தொண்ணூறுகளில் நம் வீடுகளில் ரெஸ்லிங் என்றால் அண்டர்டேக்கர், பிரெட் ஹார்ட் என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஆட்கள்தான். ஆனால் அமெரிக்காவில் அவர்களுக்குச் சரிக்குச் சரியாக டபிள்யூ.சி.டபிள்யூ. என்று இன்னொரு கம்பெனி நடந்தது. அதன் முகமாக இருந்தவர் ஸ்டிங். சொந்தப் பெயர் ஸ்டீவ் போர்டன், 1959இல் பிறந்தவர். அவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன், எனக்கு ரொம்ப நாளாகப் பிடித்த ஆள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரெஸ்லிங் என்று ஆரம்பித்தாலே "அதெல்லாம் செட்டப்தானே" என்று யாராவது கேட்பார்கள். ஆமாம், யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்பே பேசி வைத்துத்தான் ஆடுகிறார்கள். தெருக்கூத்தில் துரியோதனன் சாகப் போகிறான் என்று தெரிந்தேதான் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம், இல்லையா? வேஷம் கட்டியவர் நம்மை உட்கார வைக்கிறாரா என்பதுதான் கேள்வி. இதிலும் அப்படித்தான்.

சரி, ஸ்டிங்குக்கு வருகிறேன். 1990இல் அப்போதைய சாம்பியன் ரிக் ஃபிளேரைத் தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆனபோது அவருக்கு வெள்ளையாகச் சாயம் போட்ட குட்டை முடி, முகத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பளிச்சென்ற பூச்சு, ரிங்குக்குள் ஓடி வந்து ஊளையிட்டுக் கூட்டத்தைக் கிளப்புவார். பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் அதே உற்சாகத்தை எத்தனை வருஷம் விற்க முடியும்? 1996 ஜூலையில் நல்லவர்களுக்கெல்லாம் நல்லவராக இருந்த ஹல்க் ஹோகனே வில்லனாக மாறி, ஸ்காட் ஹால், கெவின் நாஷ் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு என்.டபிள்யூ.ஓ. என்று ஒரு கும்பலைத் தொடங்கினார். கறுப்புச் சட்டை, திமிர்ப் பேச்சு, அடாவடி. அந்தக் கும்பலுக்கு முன்னால் ஸ்டிங்கின் கலர் பூச்சு பழைய காலத்துச் சமாச்சாரமாகத் தெரிய ஆரம்பித்தது. அப்போது அவருக்கு வயது 37.

இப்போது நான் சொல்லப் போகும் இடம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அந்தச் செப்டம்பரில் என்.டபிள்யூ.ஓ. ஆட்கள் ஸ்டிங் மாதிரியே வேஷம் போட்ட ஒரு போலியைக் கொண்டு வந்து, அவனை விட்டு ஸ்டிங்கின் நெருங்கிய நண்பர் லெக்ஸ் லூகரை அடிக்க வைத்தார்கள். எல்லோரும் நம்பிவிட்டார்கள். லூகரே நம்பிவிட்டார். இத்தனை வருஷம் கூடவே நின்றவர்கள் ஒரு முகப்பூச்சைப் பார்த்துவிட்டு "நீ துரோகி" என்கிறார்கள். அடுத்த பெரிய போட்டியில் நிஜ ஸ்டிங் வந்து என்.டபிள்யூ.ஓ. ஆட்களைத் தனியாளாக அடித்துப் போட்டுவிட்டு, "இப்போது நம்புகிறீர்களா" என்பது போலக் கேட்டுவிட்டுத் தன் அணியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் டிவியில் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். இனி நான் யார் பக்கமும் இல்லை, என்னை நம்பாதவர்களோடு எனக்கு வேலை இல்லை என்று. அப்புறம் வாயை மூடியவர்தான். ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

ஆடாவிட்டாலும் அரங்கத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார். அப்படித் திரும்பி வந்தபோது முடி நீளமாகக் கறுத்திருந்தது. முகம் முழுக்க வெள்ளை, கண்ணிலும் வாயிலும் கறுப்புக் கோடு, உடம்பில் நீளமான கறுப்புக் கோட்டு, கையில் பேஸ்பால் மட்டை. 1994இல் வந்த 'தி குரோ' படத்தில் ப்ரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ போட்ட வேஷம்தான் இது. கொல்லப்பட்டவன் பழிவாங்க எழுந்து வரும் கதை. அந்தப் படப்பிடிப்பிலேயே பிராண்டன் லீ இறந்துபோனார், உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த யோசனையைக் கொடுத்தது ஸ்காட் ஹால். ஆமாம், எதிர்க் கும்பலில் இருந்த அதே ஹால். திரையில் விரோதி, திரைக்குப் பின்னால் தொழில் தெரிந்த கூட்டாளி.

வேஷம் படத்திலிருந்து வந்தது, ஆனால் அதைப் போடுவதற்கான காரணம் ஸ்டிங்கின் சொந்தக் கதையிலிருந்து வந்தது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். வெறும் முகப்பூச்சை யார் வேண்டுமானாலும் பூசலாம், அந்தப் போலியும் பூசினானே. நம்பியவர்கள் கைவிட்ட பிறகு அந்த வெள்ளை முகத்தோடு அரங்கத்தின் மேலே, கூரைப் பக்கம் இருட்டில் அவர் தனியாக நின்றார் பாருங்கள், அதில்தான் உயிர் இருந்தது. வாரா வாரம் சும்மா நிற்பார், கீழே பார்ப்பார். சில நேரம் கயிற்றில் இறங்கி வந்து ஒருவர் கையில் மட்டையைக் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்வார், அடிக்கிறாயா பார்க்கலாம் என்று. ஊளையிட்டே பேர் வாங்கியவர் ஒரு வார்த்தை பேசாமல் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள்.

1997 டிசம்பர் 28, வாஷிங்டனில் ஹோகனோடு மோதல். டபிள்யூ.சி.டபிள்யூ. வரலாற்றிலேயே அதிகம் பேர் காசு கட்டிப் பார்த்த நிகழ்ச்சி அதுதான். முடிவைச் சொதப்பிவிட்டார்கள் என்பது என் வருத்தம். நடுவர் ஹோகனுக்காக வேகமாக எண்ணி ஏமாற்ற வேண்டும் என்பது கதை. அவர் சாதாரண வேகத்திலேயே எண்ணிவிட்டார். ஸ்டிங் நியாயமாகத் தோற்றது போல ஆகிவிட்டது. அப்போதுதான் டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்கு மாறியிருந்த பிரெட் ஹார்ட் வந்து மறுபடி ஆட வைத்து ஸ்டிங்தான் ஜெயித்தார் என்றாலும், ஒரு வருஷக் காத்திருப்புக்கு அது போதுமா? போதாது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிறது என்று கை காட்டுகிறார்கள், சீக்கிரம் அடுத்த வேஷமான ஜோக்கருக்கு வந்துவிடுகிறேன்.

2001இல் டபிள்யூ.சி.டபிள்யூ. மூடப்பட்டது. பிறகு டி.என்.ஏ. என்ற கம்பெனிக்குப் போனார். 2011இல் வயது 52. குரோ வேஷத்திலேயே மீதிக் காலத்தை ஓட்டியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 'தி டார்க் நைட்' என்ற பேட்மேன் படத்தில் ஹீத் லெட்ஜர் செய்த ஜோக்கரை எடுத்துக்கொண்டார். கலைந்து வழியும் வெள்ளை, காது வரை இழுத்த சிவப்பு உதடு, விடாமல் சிரிப்பு. எதிரில் மறுபடியும் ஹோகன், இந்த முறை கம்பெனியையே கையில் வைத்திருக்கும் முதலாளியாக. முதலாளியை அடிக்க முடியாதவன் அவரைப் பைத்தியம் பிடிக்க வைக்கிறான், அதுதான் ஆட்டம். ஐம்பது தாண்டிய முட்டிக்கு இளைஞனைப் போலத் தாவ முடியாது, ஆனால் முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது. ஒரு காலத்தில் மௌனமாகவே நின்ற மனிதர் வாய் ஓயாமல் உளறினார். அந்த வருஷமே மறுபடி சாம்பியன், அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் ஹோகனைத் தோற்கடித்தார். பழைய ரசிகர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கேயும் அதேதான், வேஷம் படத்தினுடையது, காரணம் அவருடையது.

கடைசிக் காலத்தைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன், நேரமில்லை. 2015இல் டபிள்யூ.டபிள்யூ.இ.யில், அதாவது பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இல், கழுத்தில் அடிபட்டு, மறு வருஷம் ஓய்வை அறிவித்தார். 2020இல் ஏ.இ.டபிள்யூ. என்ற இன்னொரு கம்பெனியில் திரும்பி வந்து, டார்பி ஆலன் என்ற இளைஞரோடு ஜோடி சேர்ந்தார். 2024 மார்ச் 3, கிரீன்ஸ்பரோ நகரில் கடைசி மேட்ச். 1988இல் ஃபிளேரோடு 45 நிமிடம் ஆடி டிரா செய்து பேர் வாங்கிய அதே ஊர். வயது 64, ஆலனோடு வைத்திருந்த ஜோடிப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஜெயித்தார். அவருடைய இரண்டு மகன்களும் அப்பாவின் பழைய வேஷங்களில் வந்து எதிரிகளை அடித்தார்கள், ஒருவர் அந்தக் கலர் ஸ்டிங்காக, இன்னொருவர் 1998இன் சிவப்புக் கறுப்பு ஸ்டிங்காக. ஜோக்கராக யாரும் வரவில்லை, வந்திருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். நன்றி, வணக்கம்.