கார் வேறு, கதவு வேறு: ஆபீஸில் துப்பாக்கி பற்றி ஒரு கேள்வி

சரி, இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். டாலஸிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது, இரண்டு நாளாக மண்டைக்குள் குடைகிறது. பக்கத்து சீட்டுக்காரர் காரில் துப்பாக்கி வைத்திருக்கிறாராம். எச்.ஆரிடம் சொன்னால், தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்துவிட்டார்களாம். நாளைக்கு ஏதாவது ஆனால் கம்பெனி பொறுப்பில்லையா என்று கேட்கிறார்.

எச்.ஆர் சொன்னது சரிதான் அம்மா. டெக்சஸில் 2011 செப்டம்பர் முதல் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. ஊழியர் முறைப்படி வைத்திருக்கும் துப்பாக்கியைத் தன் சொந்தக் காரில் பூட்டி, ஆபீஸ் பார்க்கிங்கில் விட்டால் முதலாளி தடுக்கக் கூடாது. கம்பெனி வண்டிக்கு இது செல்லாது. பள்ளிக்கூடம் மாதிரி சில இடங்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் நான் எப்போதும் சொல்வதுதான்: கார் வேறு, கதவு வேறு. கட்டடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று கம்பெனி விதி போடலாம், மீறினால் வேலையை விட்டே அனுப்பலாம்.

பொறுப்பு விஷயம். தடுக்காதே என்று சொன்ன அதே சட்டம் முதலாளிக்குக் குடையும் பிடிக்கிறது. படுமோசமான அலட்சியம் என்று நிரூபித்தால் ஒழிய, காரில் இருந்த அந்தத் துப்பாக்கியால் வந்த காயத்துக்கோ சாவுக்கோ அவர் மேல் நஷ்டஈட்டு வழக்கு நிற்காது. விஸ்கான்சினில் இன்னும் வேடிக்கை: உள்ளே கொண்டுவரத் தடை போடாத முதலாளிக்குத்தான் அங்கே பாதுகாப்பு!

கதவு என்றதும், லைசென்ஸ்காரர் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்று வாசலில் வைக்கும் போர்டு ஞாபகம் வருகிறது. டெக்சஸில் அதற்கு 30.06 என்று பெயர், சட்டப் பிரிவின் எண். ஒரு பிரபல ரைஃபிள் தோட்டாவுக்கும் இதே எண்தான்! சட்டம் கொடுத்த வாசகத்தை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எழுத்து குறைந்தது ஒரு அங்குல உயரத்தில் வைக்க வேண்டும். தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் பிரிண்டர் தாளில் அடித்து ஒட்டியிருந்தார். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், அரை அங்குலம்கூட இல்லை. பாதியைத் தீபாவளி ஆஃபர் நோட்டீஸ் வேறு மறைத்திருந்தது.

அவர்தான் கேட்டார்: "சார், ராத்திரி கல்லாவில் நிற்கிற பையனுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்துவிடவா?" இந்தக் கேள்வி வராதா என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்! பையன் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்குக் கொடுக்கும் விசாவில், வேலை அனுமதி வாங்கியவன். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் தவிர, அந்த விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். தெரிந்தே கொடுத்தால் கொடுத்தவரும் மாட்டலாம். அதோடு கடைக்கு ஒர்க்கர்ஸ் காம்ப் இன்சூரன்ஸ், அதாவது வேலையில் அடிபடும் ஊழியருக்கான காப்பீடு, இல்லை. டெக்சஸில் தனியார் முதலாளி அதை எடுக்காமலே இருக்கலாம். ஆனால் ஊழியர் அடிபட்டு அலட்சிய வழக்குப் போட்டால், "உன் மேலும் தப்பு இருக்கிறது" என்று வாதாட முடியாது.

கடைக்கு வேறு என்ன பாலிசி இருக்கிறது, எடுத்துவாருங்கள் என்றேன். கொண்டுவந்தார். கவரே பிரிக்கவில்லை.